கணக்குச் சீட்டு

வாலிநோக்கம் போகிற ரோட்டிலிருந்து
உள்ளே ஒன்றரை மைல்.
கருவேலங்காட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்,
தார்ப்பாய்க் குடிசை,
எரிகிற மூட்டம் ஒன்று, ஆறுகிற மூட்டம் ஒன்று.
மற்றபடி மான்கள்.

எத்தனை இருக்கும் என்பார்கள் டீக்கடையில்.
எண்ணியதில்லை.
விடியக்காலம் ஒதுங்கப் போனால்
முள்ளுக்குள் முதலில் காது திரும்பும்,
பிறகு கண்.
புள்ளி கடைசியாகத்தான் தெரியும்,
இலை வழியே சிந்திய வெயிலோ என்று.

ஊரே சாபம் விடுகிற இந்த மரத்தின்
நெற்றைத் தின்றுதான் அவை கொழுக்கின்றன.
அதே மரத்தை வெட்டித்தான் எங்கள் உலை கொதிக்கிறது.
யாருக்கு யார் பங்காளி,
எனக்குப் பிடிபடவில்லை.

சித்திரையில் லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
மூட்டத்துக்கு மண் பூச எட்டுக் குடம் வாங்கித்
தொட்டியில் ஊற்றி வைத்தேன்.
ராத்திரி உறிஞ்சுகிற சத்தம்.
எழுந்தவன் கையை வாழவந்தாள் பிடித்து இழுத்தாள்.
தொண்ணூற்றாறு ரூபாய் குடிபடுவதைக்
கேட்டுக்கொண்டே படுத்திருந்தோம்.
மறுநாள் பூச்சு வெடித்து
மூட்டம் சாம்பலாய்ப் போனது.
அவளைத் திட்டினேன்.
மானைத் திட்டவில்லை.

அதுகூடப் பரவாயில்லை.
போன வெள்ளிக்கிழமை
வேர்வையோடு கழற்றி முள்ளில் போட்ட சட்டையை
ஒரு பெட்டை வந்து நக்கியது.
சுற்றிலும் உப்பளம்,
அம்பாரம் அம்பாரமாய்க் குவித்து
ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள்.
அதை விட்டு என் அக்குளைத் தேடி வந்திருக்கிறது.
பெருமையாகக்கூட இருந்தது.
நக்கி நக்கிப் பையைப் பிய்த்து
உள்ளேயிருந்த சீட்டையும் மென்றுவிட்டது:
பதினேழு மூட்டை, எடை, தேதி,
கோட்டைச்சாமியின் கையெழுத்து.

"மான் தின்னுருச்சா? நல்லாருக்குடா கதை."
கோட்டைச்சாமி பதினொன்றுக்குத்தான் காசு எண்ணினார்.
மிச்சத்தை மானிடமே
வாங்கிக்கொள்ளச் சொன்னார்.
பிறகு கை நீட்டினார்,
கடல் பக்கம் மிஞ்சியிருக்கிற திட்டை நோக்கி.
"அடுத்து அது. ஆடிக்குள்ள முடிச்சிரணும்."

உச்சியில் அவை படுப்பது அங்கேதான்.
குட்டி மூன்று.
எனக்கு என்ன வந்ததோ,
"அதுக்குள்ள விரியன் கெடக்குண்ணே,
கொத்துக் கொத்தா" என்றேன்.
நாக்குத் தடுமாறவே இல்லை.
அவர் பைக்கைத் திருப்பினார்.

வேறு ஆளோடு வருவார், தெரியும்.
விரியனுக்கு அஞ்சாதவன்
இந்தச் சீமையில் நூறு பேர் உண்டு.

பையைத் தைத்துக் கொடு என்றேன்.
வாழவந்தாள் ஊசியை எடுக்கவில்லை.
சட்டையைக் கொண்டுபோய்
அதே முள்ளில் மாட்டியிருக்கிறாள்.