மூன்று டம்ளர்

சனிக்கிழமை மூன்று மணி.
புயல் பாதுகாப்பு மையத்தின் கீழ்க்கூடத்தில்
நெல்மூட்டை அடுக்கியது போக மிச்சமிருந்த இடத்தில்
இருபத்தோரு பிள்ளைகள்.
நானும் ரெக்சனும் பதினோராம் வகுப்பு.
இரண்டு நாள் பயிற்சி, ஆளுக்கொரு சான்றிதழ்,
அவன் வீட்டுப் போர்வை ஒன்று.

போர்வைதான் முதல் பாடம்.
தன்சிகாவை நடுவில் நிறுத்தி
இதுதான் பூமி என்று தலையோடு போர்த்தினோம்.
"புகை இப்படித்தான் மூடிக்கிட்டே போவுது. புழுங்குதா?"
"ஆமாக்கா" என்றது பூமி, உள்ளிருந்து.
"அப்ப எடுத்துடுங்க" என்றது
மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு குரல்.
பயிற்சியில் இந்தக் கேள்வி வரவில்லை.
ரெக்சன் என்னைப் பார்த்தான்.
நான் போர்வையை மடித்தேன்.
பூமி வியர்த்து வழிந்தபடி
பம்படிக்கு ஓடியது.

அடுத்தது டம்ளர்கள்.
ஒன்றில் அரிச்சந்திரா நதித் தண்ணீர்,
மேட்டூரிலிருந்து கடைமடைவரை நடந்து வந்தது,
காய்ச்சி ஆறவைத்தோம்.
இரண்டாவது பள்ளிக்கூடத்துக் கைபம்பு.
மூன்றாவது கீழத்தெரு போர்:
நூற்றெண்பது அடியில்
கடல் வந்து உட்கார்ந்திருக்கும் இடம்.
மூன்றாவதைக் குடித்ததும் முகம் சுளிப்பார்கள்,
அந்த நொடியில் சொல்வதற்கு
ஒரு வாக்கியம் மனப்பாடமாய் வைத்திருந்தேன்.

முதலில் வந்தவன் கஜா.
பதிவேட்டில் நிதர்சன்.
அந்த ராத்திரி இதே கட்டடத்து மாடியில்
டார்ச் வெளிச்சத்தில் பிறந்ததால்
ஊருக்குக் கஜா.
முதல் டம்ளரை வாயில் வைத்தான்.
துப்பினான்.
"என்னக்கா, சப்புன்னு கெடக்கு."
இரண்டாவதற்குத் தோளைக் குலுக்கினான்.
மூன்றாவதை அண்ணாந்து
கடைசிச் சொட்டுவரை குடித்துப்
புறங்கையால் வாயைத் துடைத்து
"இதான் தண்ணி" என்றான்.

அவன் பின்னால் வரிசை நின்றது.
கீழத்தெருப் பிள்ளைகள் எல்லோரும்
மூன்றாவதையே கேட்டார்கள்.

அதே போரில்
நான் மூன்றாம் வகுப்புவரை குடித்தது வேறு.
பருப்பு வெந்தது அதில். துணி நுரைத்தது.
இதை எப்படிச் சொல்ல?
"எங்க காலத்துல..." என்று ஆரம்பித்து,
எனக்குப் பதினாறு வயது என்பது நினைவு வந்து
நிறுத்திக்கொண்டேன்.

ரெக்சன் விடவில்லை.
முதல் டம்ளரை மறுபடி நீட்டி
"இன்னொரு வாட்டி குடிச்சுப் பாருடா,
இதுதான்டா நல்ல தண்ணி" என்றான்,
கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

கஜா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.
நிஜமாகவே யோசித்தான்.
எங்களை ஏமாற்ற மனமில்லாமல் கேட்டான்:

"கொஞ்சம் உப்பு போட்டுத் தர்றீங்களா?"