திருத்தம்

கமலாபுரத்தில் ஒரு தோட்டா பிடிபட்டது.
பகல் விமானத்துக்குப் போகிற தோல்பை
எக்ஸ்ரே பெட்டிக்குள் நுழைந்தபோது திரையில்
சீப்பு, சவரக் கத்தி, காப்பித்தூள் இரண்டு பொட்டலம்,
அடியில் தையல் விட்ட உறைக்குள்
விரல் நீளத்துக்கு அது.
பன்னிரண்டு போர். வெடிக்காதது.

பைக்குச் சொந்தக்காரர் தியோடர் ஞானவடிவு, அறுபத்தெட்டு,
ஏற்காட்டில் எஸ்டேட்.
உரிமம் உண்டு, மறதியும் உண்டு.
பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் புறப்பட்டவர்.
"போன மழைக்குப் பன்னி விரட்டினப்ப போட்டது" என்றாராம்.
விமானம் இருபது நிமிடம் தாமதம்.
பயணிகள் டீ குடித்தார்கள்.

நான் தலைப்பு வைத்தேன்:
சேலம் விமான நிலையத்தில் பரபரப்பு.
யார் பரபரத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பெட்டிக்கடையில் தொங்கும் கங்குக் கயிறு அந்தச் சொல்,
வருகிறவர்கள் பற்றவைத்துக்கொண்டு போகலாம்.

ஆறு மணிக்குப் படம் வந்தது.
மேசைமேல் தோட்டா,
பக்கத்தில் அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம்.
"முதல் பக்கம், அஞ்சு காலம்" என்றார் செய்தி ஆசிரியர்.
பக்கத்தில் ஏற்றிப் பார்த்தேன்,
என் முழங்கை நீளம் இருந்தது.

எட்டரைக்கு
ஏற்காட்டிலிருந்து அழகேசன் தட்டி அனுப்பியது நாலு வரி.
மலைக்கு அந்தப் பக்கம்
மிளகு ஏறிய சில்வர் ஓக் சரிவில்
விடிகாலையில் வேலி கட்டப் போன தீர்த்தனை
பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள்.
நாட்டுத் துப்பாக்கி.
கழுத்திலும் தோளிலும் பால்ரஸ் குண்டுகள் ஒன்பது.
சுட்டவன் மச்சினன்.
அவனேதான் மடியில் போட்டுக்கொண்டு
ஜீப்பில் இறங்கியிருக்கிறான்.
எட்டாவது வளைவு வரைக்கும் பேச்சு இருந்ததாம்,
கிடா விற்ற காசு
எந்த டப்பாவில் இருக்கிறது என்று.

இதெல்லாம் போனில் சொன்னது. நாலு வரிக்குள் அடங்காது.

வந்த நாலு வரியில் ஒரு பிழை:
'தோட்டா தொழிலாளி பலி.'
எனக்குச் சிரிப்பு வந்தது. ஒத்துக்கொள்கிறேன்.
ஒரு காலை எடுத்துவிட்டு
ஒரு த் சேர்த்தேன். தோட்டத் தொழிலாளி.

பலியைத் தொடவில்லை.
எங்கள் பக்கங்களில் தினம் ஆறேழு பலி,
லாரியில், கிணற்றில், மின்வேலியில்.
எந்தச் சாமி கேட்டது, எது வாங்கிக்கொண்டது
என்று எழுத இடம் விடுவதில்லை.

தீர்த்தனுக்கும் ஒரு படம் இருந்தது.
ஏதோ அட்டைக்கு எடுத்தது, காது இரண்டும் தெரிய,
சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டு.
மூன்றாம் பக்கம் இடது மூலையில்
வெள்ளிக் கொலுசுக் கடை விளம்பரம் அரை அங்குலம் இறங்கியது.
படத்தை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வக்கீல் கடிதம் வந்தது.
கட்சிக்காரருக்கு வயது அறுபத்தாறுதான்,
அறுபத்தெட்டு அல்ல.
மறுநாளே 'திருத்தம்' என்று போட்டோம்,
வருந்துகிறோம் என்று முடித்து.
அதுவும் நாலு வரி வந்தது.

அன்று ராத்திரி அழகேசன் கூப்பிட்டார்.
துக்கம் கேட்கப் போயிருக்கிறார்.
தீர்த்தன் மனைவி காசியம்மா
தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து
ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து
மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாராம்.
எங்கள் முதல் பக்கம். விமான நிலையத்துத் தோட்டா.

இது அவர் செய்தி இல்லையேம்மா என்றிருக்கிறார்.
"தெரியும் சார், எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.
அந்த மூணாம் பக்கத்துல
வெட்டி வெக்கறதுக்கு என்ன இருக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவரும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.
ஐந்து ரோட்டில் பஸ் ஏதோ திரும்பிற்று.

கோணாமல் வெட்டியிருந்தாங்க என்றார் பிறகு.
அந்த ஒரு ரூபாயையும் சேர்த்து.