துறையில் நிற்கும் பெட்டிகள்

திங்கள் காலை, நெயாஃபு துறைக்கு மேலே
தேவாலயக் கூடத்தில் நாடாவோடு நிற்கிறேன்.
முதல் ஆள் கலியோபாசி,
கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை
வண்டியால் தூக்கி அடுக்குகிறவர்.
இடுப்பில் துக்கப் பாய்.
தம்பிக்கு. முதலில் கால் போயிற்று,
பிறகு இதயம். வயது ஐம்பத்தொன்று.

பாயை அவிழ்க்க வேண்டும் என்றேன்.
"அவிழ்த்தால் யாருக்காக அழுகிறேன் என்று
உன் நாடாவுக்குத் தெரியாதே."
சொல்லிவிட்டு அவிழ்த்தார்.

நாடா சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்தார்.
எல்லாரும் இழுப்பார்கள்.
காத்திருந்தேன்.
எவ்வளவு நேரம்தான் பிடிப்பார்,
மூச்சு வெளியே வந்துதானே ஆகவேண்டும்?
நூற்றுப் பதினெட்டு.

அட்டையில் ஐந்து கட்டங்கள்.
இடுப்பு, ரத்த அழுத்தம்,
பட்டினி வயிற்றுச் சர்க்கரை,
கூடிப்போன கொழுப்பு, குறைந்துபோன நல்ல கொழுப்பு.
ஒன்று வந்தால் விருந்தாளி.
இரண்டு வந்தால் பேச்சுத்துணை.
மூன்று வந்தால் குடித்தனம்.
அவர் அட்டையில் நான்கில் குறி போட்டேன்.

"எங்கேயும் வலிக்கவில்லையே."
வலிக்காது. வலித்திருந்தால்
உங்கள் தம்பி முன்னாலேயே வந்திருப்பார்.
இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
அவர் சன்னல் வழியே கப்பலைப் பார்த்தார்.

இன்சுலின் என்று தொடங்கினேன்,
எனக்கே சலித்தது.
நிறுத்திவிட்டுக் கேட்டேன்:
கிடங்கு நிறைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?
"பெட்டி துறையிலேயே நிற்கும்."
இன்னும் ஆள் அனுப்பினால்?
"ஆள்தான் நிறைவார்கள். இடம்?"
அவ்வளவுதான், கலியோபாசி.
ரத்தம் உங்கள் துறை, சர்க்கரை பெட்டி.
உடம்பு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
கல்லீரலின் நடைபாதையில்கூட
மூட்டை மூட்டையாய்க் கொழுப்பு.

நெடுநேரம் பேசவில்லை.
"அந்த ஆட்டு விலாக் கொழுப்புப் பெட்டிகளை
நியூசிலாந்துக் கப்பலிலிருந்து
இறக்குகிறவனே நான்தான்" என்றார்.
"எண்ணி எண்ணித்தான் இறக்குகிறேன்.
எனக்குள் இறங்கியதை எண்ணவில்லை."

கிடங்கைக் காலி செய்ய வழி?
நடங்கள்.
"வண்டி ஓட்டுகிறவனையா?" சிரித்தார்.
இரவு ஒன்பது மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம்,
மாத்திரையைக் கறுப்பு நாட்களிலும் விட வேண்டாம்,
குளிர்பானத்துக்குப் பதில் இளநீர் என்றும் சொல்ல வந்து,
அதிலும் இனிப்பு உண்டென்று நினைவு வந்து,
தண்ணீர் என்றேன்.

துக்கம் முடிக்கும் விருந்துக்கு நானும் போயிருந்தேன்.
மேசையின் நீளம் ஒரு படகு.
பன்றி, சேப்பிலைப் பொதியில் தேங்காய்ப்பாலோடு ஆட்டுக் கொழுப்பு,
ஆரஞ்சு நிறத்தில் நுரைக்கும் புட்டிகள்.
தட்டை மறுத்தால் இறந்தவரை மறுத்ததாகும்.
கலியோபாசி மறுக்கவில்லை.
மீனும் கிழங்கும் தின்றார்,
மற்றதை இலையில் கட்டினார்,
தலாவு குன்றுச் சரிவில் ஏறி
மைத்துனர் வீட்டுப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு
வியர்த்து இறங்கினார்.
"அந்தப் பன்றி அடுத்த விருந்தில் என்னைத் தேடி வரும்,"
என் காதருகே சொன்னார். "அப்போது பார்ப்போம்."

மூன்று மாதம் கழித்து:
இடுப்பு நூற்றுப் பதினைந்து.
அழுத்தம் இறங்கியிருந்தது, பாதி மாத்திரையால்.
சர்க்கரை அசையவே இல்லை.
அட்டையை நீட்ட எனக்குக் கை வரவில்லை.
அவரோ இடுப்புக் கயிற்றைக் காட்டினார்:
பழைய முடிச்சு இருந்த இடத்தில் ஒரு தேய்ந்த தடம்,
புதிய முடிச்சு அரை விரல் உள்ளே.
"தம்பியைச் சுமந்த எடை குறைந்ததோ என்னவோ."
எனக்குத் தெரியவில்லை.
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

மாலை. நாற்காலிகளை அடுக்கி,
கூடத்தின் கதவைச் சாத்தினேன்.
கீழே துறையில் விளக்கு எரிந்தது,
யாரோ பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
நாடா இன்னும் என் கழுத்தில்.
எடுத்து என் இடுப்பில் சுற்றினேன்.
பார்க்க ஒருவருமில்லை.
ஆனாலும் மூச்சை உள்ளே இழுத்தேன்.

பிறகு, அவருக்குக் காத்திருந்ததுபோல்
எனக்கும் காத்திருந்தேன்.