தொண்ணூற்று நான்கு வீதம்

வவுனியாவில் வாங்கிய பழைய லப்டொப்.
எல்லாம் அழித்துத்தான் தந்தேன் என்றார் கடைக்காரர்.
அழியாமல் கிடந்தது ஒரு விளையாட்டு.

ஏணியைத் தோளில் சுமந்து
மலையேறுகிறாள் ஒரு பெண்.
உச்சியில் பல்ப் ஒன்று எரியவில்லை,
மாற்ற வேண்டும்.
அவ்வளவுதான் கதை.
முடிக்க நான்கு மணித்தியாலம் என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது,
மருந்துப் பெட்டியில் திகதி போடுவதுபோல.

நான் மீற்றர் வாசிக்கிறவன்.
மாங்குளம், ஒலுமடு, அம்பகாமம், கரிப்பட்டமுறிப்பு.
முடிகிற எண் எதையும் கண்டதில்லை.
ஐந்து ஒன்பதும் நிரம்பினால்
பூச்சியத்துக்குத் திரும்பி
மறுபடி ஓடும்.
மோட்டச்சைக்கிளுக்கு அறுபது கட்டுக்காசு,
இருபத்து மூன்று கட்டியாச்சு.
வீட்டுத்திட்டத்தின் கடைசிக் கட்டக் காசு
இன்னும் வரவில்லை,
யன்னலுக்கு யூரியா பை.
காணி வழக்குக்கு
தையில் தவணை, பங்குனியில் தவணை,
ஆனியில் நீதவான் விடுமுறை.

பக்கத்து அறை யசிந்தன்
போனில் சுட்டுக்கொண்டே இருப்பான்.
நூறு பேர் குதிப்பார்கள்,
ஒருவன் மிஞ்சுவான்,
பிறகும் நூறு பேர் குதிப்பார்கள்.
இது எப்ப முடியும் என்று கேட்டேன்.
"முடியிறதோ? அண்ணை, இது ஒன்பதாவது சீசன்."

சேமிக்க மூன்று இடங்கள் இருந்தன.
முதலாவதில் ஒரு பெயர்: தனு.
தொண்ணூற்று நான்கு வீதம்.
மாசி பதினொன்று, இரவு 9.52.
அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.
பிறத்தியாரின் செருப்புக்குள்
இருட்டில் கால் விட்டதுபோல் இருந்தது.
இரண்டாவதில் என் பெயரை எழுதினேன்.

முதல் மாலை ஏணியைச் சாய்க்கப் பழகினேன்.
ஏழரைக்குக் கரண்ட் போனது.
ஊரே எனக்குப் போன் எடுத்தது, எப்ப வரும் என்று.
நான் எண்ணுகிறவன், ஐயா,
அனுப்புகிறவன் இல்லை.

அடுத்த மாலை அவள் பனிக்குள் நுழைந்தாள்.
ஏணியைப் படுக்கப்போட்டால் பாலம்,
மழைக்குத் தலைக்குமேல் பிடித்தால்
ஒன்றுமில்லை, நனைகிறாள்,
ஆனாலும் பிடிக்கலாம்.
ஒலுமடுப் பக்கம் யானை வெடி கேட்டது.
என் விரல் நின்றது.
அவளும் நின்றாள்.

அதற்கடுத்த நாள் ஒரே இடத்தில் பதினாலு தரம் விழுந்தேன்.
தாமதக் கட்டணம் கேட்டு
யாரும் கடிதம் போடவில்லை.
விழுந்த இடத்துக்கு ஓரடி முன்னால்
மறுபடியும் நிற்க விட்டார்கள்.

நான்காம் மாலை, தொண்ணூற்று நான்கு.
ஒரு தட்டைப் பாறை, ஒரு மரக் கதிரை, காற்று.
தனு நின்றது இங்கேதான்.
ஏதோ ஏலாத இடம் வரப்போகிறது என்று
முருகண்டிக் கச்சானைத் தள்ளி வைத்துவிட்டு
நிமிர்ந்து இருந்தேன்.
வந்தது ஒரு வளைவு.
பதினொரு படி.
ஏணிகூடத் தேவைப்படவில்லை.
அவள் பல்பைத் திருகினாள்.

கடிகாரம் பார்த்தேன், நாலு நிமிடம்.

பிறகு பெயர்கள் ஏறின, ஏழெட்டுப் பேர்,
வாயில் நுழையாத ஊர்க்காரர்.
கடைசியில்
மேசைக்குக் கீழே படுத்திருந்த நாய்க்கும் நன்றி என்று.
மீற்றர் இலக்கம் பார்ப்பதுபோல்
ஒரெழுத்தும் விடாமல் வாசித்தேன்.

பற்றரி செத்திருக்கலாம்.
யாராவது சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.
மறுநாளே விற்க வேண்டி வந்திருக்கலாம்.
அல்லது தெரிந்தே,
அந்தக் கதிரையில்
அவளை இருக்கவிட்டுப் போயிருக்கலாம்.
அம்புக்குறியைத் தனுவின் மேல் வைத்தேன்,
எடுத்தேன்.

யசிந்தனைக் கூப்பிட்டு
மூன்றாவது இடத்தைக் காட்டினேன்.
முதலாவதைத் தொடாதே என்றேன்.
"சரி அண்ணை, முடிஞ்சாப் பிறகு என்ன?"

பிறகொன்றுமில்லை.
பல்ப் எரியும்.