பதினாலாம் தேதிப் புள்ளி

பெருஞ்சாணி அணைச்சுவரில்
எழுபத்தேழு அடிக்கு ஒரு வெள்ளைக் கோல்.
காலை ஆறு மணிக்கு அதை வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
அலை அடிக்கும் நாளில்
மேலே ஒன்று, கீழே ஒன்று பார்த்து
நடுவில் நிற்பதை எழுதுவேன்.

பெங்களூரிலிருந்து செந்திரு கூப்பிட்டாள்,
ஐந்து வருடத்து வாசிப்பு மொத்தமும் வேண்டுமென்று.
"வெள்ளத்துக்க கணக்கு எல்லாம் நோட்டுல கிடக்கு" என்றேன்.
பதறிப்போனாள்:
"வெள்ளமா? எப்போ?"
அவள் ஊர் அரியலூர்.
அங்கே வெள்ளம் என்றால் ஓடுவார்கள்.
நாங்கள் தாகத்துக்குக் கேட்பதே அதைத்தான்.

எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒன்று போகிறதாம்,
இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை எங்கள் அணைக்கு மேலே.
கீழ்நோக்கி ஒரு துடிப்பை எறியுமாம்.
பட்டுத் திரும்பிவர ஆன நேரத்தைத் தூரமாக்கி
தன் உயரத்தில் கழித்தால்
மிச்சம் எங்கள் நீர்மட்டம்.
மேகம் அதற்கு ஒரு பொருட்டில்லை. இருட்டும் இல்லை.
கன்னியாகுமரிக் கடலென்றால்
விரித்த பாய்போலக் கிடக்கும், சிரமமில்லை.
இதுதான் கஷ்டம்:
மலையிடுக்கில் கைக்குட்டை அளவு தண்ணீர்.
பாறையும் ரப்பர் மரமும்
முந்திரிக்கொட்டைகளாக முந்திக்கொண்டு
பதில் சொல்லிவிடும்.
அந்த இரைச்சலுக்குள் தண்ணீரின் குரலைப்
பிரித்தெடுப்பதுதான் செந்திருவின் வேலை.
மீட்டரை எனக்காக அடியாக்கி
வாட்ஸப்பில் படம் அனுப்பினாள்.

நீலக் கோடு நான்.
சிவப்புப் புள்ளிகள் அது.
கம்பியில் வரிசையாக உட்கார்ந்த மைனாக்கள்.
ஒன்று மட்டும் கம்பியை விட்டு
மேலே எழும்பி நின்றது.

அக்டோபர் பதினாலு, இரவு பத்தேகால்.
அது சொன்னது அறுபத்து மூன்று.
நான் எழுதியது அறுபத்தொன்றரை.

"மலை எதிரொலியாத்தான் இருக்கும்.
அந்தப் புள்ளியை எடுத்துடறேன்" என்றாள்.

"ம்" என்றேன்.

அன்று நான் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்.
அனீஷுக்கு டெங்கு.
ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை
ரத்தத்தட்டணு எத்தனை என்று வரும் சீட்டை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.
நாற்பத்திரண்டாயிரம்.
முப்பத்தாறாயிரம்.
அங்கே நடுவில் நிற்பதை எழுத முடியாது.
வராந்தாவின் தகரக் கூரையில் மழை விழுந்த விதத்தைக் கேட்டு
போனில் சொன்னேன்: அறுபத்தொன்றரை.
மறுநாள் அதனுடன் இருபது சேர்த்தேன்.
பதினாறாம் தேதி கோலடியில் போய் நின்றபோது
அறுபத்து நாலு தாண்டியிருந்தது.
யாரும் கேட்கவில்லை. மழைக்காலம்.

அந்த "ம்"மைக் கொண்டு
ஒரு வாரம் ஓட்டினேன்.
சோறு வடிக்கும்போது அது வந்து நிற்கும்.
பறளியாற்றுப் பாலத்தில்
பஸ் குலுங்கும்போதும்.
பாவம், அது சரியாகத்தான் கேட்டிருந்தது,
மலைமேல் பழியைப் போட்டுவிட்டோம்.

டிசம்பர் ஏழு, அது வருகிற ராத்திரி.
டார்ச்சோடு படி இறங்கினேன்.
பாசி வழுக்கியது.
மேலே மேகம்; ஒன்றும் தெரியவில்லை.
தெரியவேண்டியதும் இல்லை.
பத்து பதினாலு. பத்து பதினைந்து.
தண்ணீர் அசையாமல் கிடந்தது,
எக்ஸ்ரேக்கு மூச்சடக்கிய ஆளைப்போல.
எழுபத்தொன்று புள்ளி மூன்று பூஜ்யம்.
அதே படியில் நின்று கூப்பிட்டேன்.

"செந்திரு, அந்தப் புள்ளியை எடுக்காதீங்க.
அண்ணைக்கு ராத்திரி வெள்ளத்தப் பாத்தது
அது மட்டும்தான்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு, "நான் ரெண்டு நாள் நீலத்தை வெட்டிடறேன்" என்றாள்.
பிறகு, "ஏன்?" என்றாள்.
சொன்னேன்.
"இப்போ பையனுக்கு எவ்வளவு?"
"ரெண்டு லட்சத்து பத்தாயிரம்."

நோட்டில் பதினாலையும் பதினைந்தையும்
சிவப்பு மையால் அடித்து
பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: வாசிக்கவில்லை.
நாளை ஏ.இ. வருவார்.
கையெழுத்துக்கு
இடம் விட்டிருக்கிறேன்.