மொழிமுதல் வாரா எழுத்து

மலைகள் சூரியனை வாங்கி வைத்துக்கொண்டு
ஜனவரிக் கடைசிவரை திருப்பித் தராத ஊர்
ஈசாஃபியோர்டூர்.
மதியம் இரண்டு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு
ஸ்டெயின்வோர் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவுக்கு
இசைத்தாள் தட்டிக்கொண்டிருக்கிறாள்.
இருபத்தாறு பேர், இருபத்தாறு கட்டு,
வியாழன் ஒத்திகை.
வலது மணிக்கட்டு சுண்டி இழுக்கிறது.
ஒவ்வொரு குறிக்கும் மவுஸை இழுத்துப் பட்டியல் திறந்து
அதற்குள் இன்னொரு பட்டியல் திறந்து
போதும்.

முதலில் அறிவாளியாக யோசித்தாள்.
அடிக்கடி வருவது இடது கைக்கு,
எப்போதாவது வருவது மூன்று விரல் கூட்டுக்கு.
கட்டம் போட்டாள், வண்ணமும் அடித்தாள்.
மறுநாள் காலை ஒன்றுகூட நினைவில்லை.
இரண்டு சுரத்துக்கு நடுவே ஒரு வில்வளைவு கேட்டால்
டியூபாவின் ஐந்து பக்கமும்
ஒரு ஸ்தாயி மேலே ஏறி நின்றன.

பிறகுதான் சொற்களிடம் போனாள்.
ஏ முதல் ஜி வரை தொடக்கூடாது,
அவை சுரங்களின் சொந்த வீடு.
(அதிலும் பி-யில் ஒரு பழைய தகராறு:
பள்ளியில் அவளுக்கு அது ஹெச்.)
மென்பொருள் செய்தவர்கள் கண்டிராத சில எழுத்துகள்
அவள் விசைப்பலகையின் வலது ஓரத்தில்
சும்மா கிடந்தன.

தோர்ன்: கம்பத்தின் நடுவில் வயிறு வைத்த எழுத்து.
நிசப்தத்துக்கு அவர்கள் சொல் அதில்தான் தொடங்கும்.
மௌனக் குறி அங்கே குடியேறியது.
தலையில் இரு புள்ளி வைத்த ஓ, மூச்சு.
ஊதுகிறவர்கள் காற்று வாங்கும் காற்புள்ளி அதற்கு.
ஜே, நிலநடுக்கம். ட்ரெமோலோ.
ஏ-யும் ஈ-யும் ஒட்டிப் பிறந்த எழுத்தை
அங்கே ஐ என்று உச்சரிக்கிறார்கள்.
கதவிடுக்கில் விரல் நசுங்கினால் சொல்வதும் அதுவே,
நம் ஐயோவில் பாதி.
செய்ததைத் திரும்ப அழிக்கும் கட்டளைக்கு
வேறு விசை எதற்கு?

நீட்டி நிறுத்தும் குறிக்கு, கே.
கே என்றால் கோல்ப்ரூன், இரண்டாம் ஆல்ட்டோ ஹார்ன்,
நடத்துனர் கை இறங்கிய பிறகும்
சுரத்தை விடாதவள்.
செவ்வாயன்று தன் கட்டை வாங்க வந்தவள்
சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள்.
"கே எதற்கு?"
"காப்பி" என்றாள் ஸ்டெயின்வோர், கண்ணிமைக்காமல்.
"நிறுத்தினால் காப்பி."
நியாயம்தான் என்று கோல்ப்ரூன்
கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

எத் மட்டும் மிஞ்சியது.
அந்த மொழியில் ஒரு சொல்லும் எத்-தில் தொடங்காது.
நம் ழகரத்தைப் போல
நடுவில் வரும், கடைசியில் வரும்,
முதல் ஆளாய் வாசலில் நிற்காது.
தொடங்கும் சொல் இல்லாததை
எதைச் சொல்லி நினைவு வைப்பது?
காலியாக விட்டாள்.
யோசனை ஓடும்போது அதைத் தட்டுவாள்.
எதுவும் ஆகாது. அது பிடித்திருந்தது.

புதன் இரவு மென்பொருள்
தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு
அத்தனை குறுக்குவிசையையும் துடைத்துவிட்டு
நல்வரவு என்றது.
ஐ என்றாள் வாய்விட்டு.
விசையையும் அழுத்தினாள்.
ஒன்றும் திரும்பவில்லை.

சுவரைப் பார்க்காமலே திரும்ப வைத்தாள்:
நிசப்தம், மூச்சு, நிலநடுக்கம், கோல்ப்ரூன்.
ஒன்பது நிமிடம்.
எத்-திடம் வந்ததும் விரல் நின்றது.
இங்கே என்ன வைத்திருந்தேன்?
ஒன்றும் வைக்கவில்லை என்பது
நினைவுக்கு வரத்தான்
கொஞ்ச நேரம் பிடித்தது.