மூன்றடி தள்ளி

முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.
பிறகு என் தையல் கத்தரி, கைபேசி இரண்டு,
அடுத்த அறைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த
பிளாஸ்டிக் மாம்பழம்கூட
குசினிக்கு நாடு கடத்தப்பட்டது.
"வளையலையும் கழட்டி வை."
பொன்னில் காந்தம் பிடிக்காது மச்சான், என்றேன்.
"எதுக்கும் வை."

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, ஆணம் ஆறுமுன்னம்.
நிந்தவூர்க் கச்சான் காற்று
கூரைத் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது.
கமநல சேவை நிலைய லிகிதர் இஸ்ஸதீன்
உரமானியப் பட்டியலுக்குக்கூட
இவ்வளவு குனிந்ததில்லை.

கொழும்பில் முதலாம் குறுக்குத் தெருவில் தேடி
நாலாயிரத்து எழுநூறுக்கு வாங்கிய சாமான்:
சவர்க்காரக் கட்டி அளவு,
நுனியில் மைனாவின் அலகுபோல் வளைந்த இரும்பு,
கீறாமலிருக்க அதற்கொரு தொப்பி.
டெக்கின் வாயைத் திறந்து
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்தபடி சொன்னார்:
"ஓடி ஓடி இதில காந்தம் ஏறியிருக்கு, புள்ள.
நாம கேக்கக் கேக்க
மேல் சத்தமெல்லாம் அழிஞ்சி போகுது.
முதல்ல போறது 'ச'."

கேட்பதே அழிப்பதா?

அவரிடம் நானூறு நாடா.
நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று, எங்கள் காவின்.
அதில் மின்விசிறி உண்டு, யாரோ ஒருவரின் இருமல்,
வெளியே ஜெனரேட்டர்,
கதவுக்கு அப்பால் நின்று வாப்பா கேட்பது:
"...மீமா, ...ம்மதமா?"
பிறகு நான்:
"...ம்ம..."
மிச்சத்தை ஜெனரேட்டர் தின்றுவிட்டது என்பார்.

பதிவுப் புத்தகத்தில் வாப்பாவின் கையெழுத்து இருக்கிறது.
இவருடையது இருக்கிறது. சாட்சிகள் இருவர்.
எனக்கென்று அதில் ஒரு கோடு கிடையாது.
நான் சொன்னதற்கு அத்தாட்சி
அறுபது நிமிட நாடாவில் ஒரு நொடி.
அதற்கும் தலையில்லை.

தூரத்தில் பிடித்தே சுவிச்சைப் போட்டார். வண்டு இரைந்தது.
மெல்ல, மெல்லக் கிட்டக் கொண்டுபோய்
ஹெட்டின் முகத்தில் ஒரு சின்ன வட்டம்,
இன்னொரு வட்டம்,
பிறகு பின்வாங்கல்.
"இதுதான் முக்கியம். கிட்ட வெச்சி நிப்பாட்டினா
முன்னையவிட மோசமா ஏறிடும்.
மூணடி போகணும். போய்த்தான் நிப்பாட்டணும்."
உறங்கும் நாயைக் கடப்பவர்போல்
கதவு நிலைவரை பின்னால் நடந்தார்.

எங்கள் சண்டைகளை நாங்கள் அப்படி முடித்ததில்லை.
கிட்ட நின்றபடியே, இரண்டு பேரும்,
பட்டென்று.

மின்விசிறியை நிறுத்தி
வேர்த்து வழிய இருந்து கேட்டோம்.
இருமல் பளிச்சென்று வந்தது. ஜெனரேட்டரும்.
"கேட்டியா? 'ச'! வந்திட்டு!"
அவர் கண்ணோரம் ஈரம், வேர்வையாகவும் இருக்கலாம்.
எனக்கு அதே ம்ம.
அழிந்தது திரும்பாது என்று
பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது,
ஆறாவது வரியில், அவர்தான் வாசித்துக் காட்டினார்.
இனிமேல் அழியாமல் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஓம், என்றேன். கேட்டுது.

அவர் சோற்றுக்குப் போன பிறகு
வளையலைப் போட்டுக்கொண்டு நாடாவைப் பின்னால் சுற்றினேன்.
வாப்பா கேட்டு முடித்ததும் நிறுத்தி
அந்த இடத்தில் நானே சொல்லிப் பார்த்தேன்.
ச.
பல்லிடுக்கில் கொஞ்சம் காற்று, வேறொன்றுமில்லை.
பதினெட்டு வயதில் அதைச் சொன்னேனா?
இல்லை, அந்தப் பிள்ளை
வாய் திறக்காமல் மூக்கால் முனகியதற்கு
எல்லாரும் சேர்ந்து
முன்னும் பின்னும் எழுத்துப் போட்டார்களா?

"சமீமா!" என்று கூப்பிட்டார்.
முழுப் பெயர்.
மூன்றடி அல்ல, முப்பதடி தள்ளி,
வாயில் சோற்றோடு.

நாடா நின்ற இடத்திலேயே நின்றது.
நானும் கொஞ்ச நேரம்
பதில் சொல்லவில்லை.